யோக ஆசிரியர் பயிற்சிக்குப் புறப்பட்ட கதை

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஆசிரிய நண்பர்கள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "யோக ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வந்தீர்களே அக்கா, எங்களாலும் முடியுமா?" ஒரு சொல்லில் விடை கூற இயலாத கேள்வி அது. ஆகவே, 2018ஆம் ஆண்டு இறுதியில் நான் புறப்பட்ட விதத்தையும் முதல் வாரம் கழிந்த விதத்தையும் எழுதி வைக்கிறேன். முடியுமா, முடியாதா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

நான் நெடுங்காலம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்தவள். 2021இல் நீக்கப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அப்போது நடப்பில் இருந்தது. செப்டம்பர் பிறந்தால் போதும், வயிற்றுவலி, தலைவலி, உறக்கமின்மை என்று பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். 2017இல் ஒரு மாணவி தேர்வறையின் வாயிலிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளை. அவள் கையைப் பற்றினேன். விரல்கள் பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தன. "பயப்படாதே அம்மா" என்றேன். பயப்படாதே என்ற சொல்லால் பயம் போய்விடுமானால் உலகில் பயந்தவர்களே இருக்கமாட்டார்கள். அந்தப் பிள்ளைக்குச் செய்துகாட்டக்கூடிய ஏதேனும் ஒன்று என் கையில் இருக்கவேண்டும் என்று அன்று மாலை தோன்றிற்று.

மூச்சுப்பயிற்சியைப் பற்றித் தலைமையாசிரியரிடம் பேசினேன். அவர் எளிதில் தலையாட்டுகிறவர் அல்லர். இதில் ஒரு சிக்கல் இருப்பதை அவரே எடுத்துரைத்தார். 2008 நவம்பரில் நம் நாட்டின் தேசிய ஃபத்வா மன்றம், மந்திரமும் வழிபாட்டுக் கூறுகளும் கலந்த யோகம் முஸ்லிம்களுக்கு ஆகாது என்று அறிவித்தது. அடுத்த சில நாள்களில் அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி, மந்திரமின்றி உடற்பயிற்சியாக மட்டும் செய்வதற்குத் தடையில்லை என்று விளக்கம் தந்தார். எங்கள் பள்ளியில் முஸ்லிம் ஆசிரியர்களும் உண்டு, பிள்ளைகளும் உண்டு. எனவே தலைமையாசிரியர் மூன்று நிபந்தனைகள் விதித்தார். பெற்றோர் எழுத்து மூலம் ஒப்புதல் தரவேண்டும். வகுப்பில் ஓங்காரமோ மந்திரமோ கூடாது. நடத்துகிறவரிடம் முறையான சான்றிதழ் இருக்கவேண்டும். முதல் இரண்டும் நியாயமாகவே பட்டன. மூன்றாவதுதான் என்னை ஐம்பத்தொரு வயதில் மாணவியாக்கியது.

பயிற்சிக்கு நான் தேர்ந்தது சிவானந்தர் மரபு. அதற்கு என் மனத்துக்குள் ஒரு மலேசியக் காரணமும் இருந்தது. 1887இல் நெல்லைச் சீமையின் பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தர், துறவு பூணுமுன் மருத்துவராக இந்த மண்ணில் வாழ்ந்தவர். 1913இல் மலாயாவுக்கு வந்து, நெகிரி செம்பிலானில் தோட்ட மருத்துவமனையிலும் பின்னர் ஜொகூர் பாருவிலும் பணிபுரிந்து, 1923இல் திரும்பினார். நம் பாட்டன் பூட்டன்மார் பால்மரம் வெட்டிய காலத்தில் அவர்களின் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர் என்ற எண்ணமே எனக்கு உவப்பாக இருந்தது. பத்தமடை கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற ஊர் என்பதை அறிவீர்கள். அந்த ஊர்க்காரரின் வழியைக் கற்க நான் கடையில் ரப்பர் பாய் வாங்கினேன்!

அவருடைய சீடர் சுவாமி விஷ்ணுதேவானந்தர் 1969இல் தொடங்கிய நான்கு வாரப் பயிற்சியே இன்றும் பல நாடுகளில் நடக்கிறது. மொத்தம் 200 மணி நேரம். ஆசிரமத்திலேயே தங்கவேண்டும். ஆசிரியர்களுக்கு நீண்ட விடுமுறை ஆண்டிறுதியில்தான் என்பதால் வேறு நாள் பார்க்க வழியில்லை. இந்தியாவுக்கு மின்விசா எடுத்துக்கொண்டேன். குறுகிய கால யோகப் பயிற்சிக்குச் சுற்றுலா மின்விசாவே போதும்.

ஆயத்தம் மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கியது. கடினமான ஆசனங்கள் வாராவே என்று அஞ்சியிருந்தேன். ஆனால் உண்மையான தடை தரையில் உட்காருவதாக இருந்தது. நாற்காலியிலும் நின்றபடியுமே இருபத்தேழு ஆண்டுகளைக் கழித்த முழங்கால்கள் சம்மணத்தை மறந்திருந்தன. முதல் நாள் பத்து நிமிடம். மடித்த போர்வையை இடுப்புக்குக் கீழே வைத்தால் முழங்கால் தாழ்ந்து வலி குறையும் என்று அறிந்தபின் இருபது, முப்பது என்று ஏறி, நவம்பரில் ஐம்பது நிமிடம் அமர முடிந்தது. மாணவர் கட்டுரைகளையும் தரையில் உட்கார்ந்தே திருத்தினேன்.

அடுத்தது தே தாரேக். ஆசிரமத்தில் காப்பியும் தேநீரும் கிடையா. வெங்காயம், பூண்டு, முட்டை, இறைச்சி எவையும் இல்லை. நாளுக்கு மூன்று குவளை குடித்தவள் சட்டென நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும். ஆதலால் வாரத்துக்கு அரைக் குவளையாகக் குறைத்தேன். கணவர் எதிரில் அமர்ந்து உறிஞ்சிக் குடித்த சத்தத்தைத்தான் என்னால் குறைக்க முடியவில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழாக நிற்பதும் விரைவான மூச்சுப்பயிற்சிகள் செய்வதும் ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டி, எழுத்தில் வாங்கிக்கொண்டேன். போக நினைப்போர் இதை மட்டும் தவிர்க்கவேண்டாம்.

ஆசிரமம் ஒரு மலையடிவாரத்தில் இருந்தது. சென்ற அன்றே மஞ்சள் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் தந்தார்கள். சேலையிலேயே பள்ளிக்குச் சென்ற எனக்குக் கண்ணாடியில் வேறு யாரோ நிற்பதுபோல் இருந்தது. விடியல் ஐந்தரைக்கு மணி அடிக்கும். ஆறு மணிக்குத் தியானமும் பஜனையும் சொற்பொழிவும். எட்டு மணிக்கு ஆசன வகுப்பு. பத்து மணிக்கு முதல் உணவு. பிறகு பாத்திரம் கழுவுதல், முற்றம் கூட்டுதல் போன்ற தொண்டு. நண்பகலில் கீதை, பிற்பகலில் தத்துவமும் உடற்கூறும், நான்கு மணிக்கு மீண்டும் ஆசனம், ஆறு மணிக்கு இரண்டாவது உணவு, இரவு மீண்டும் கூட்டுத் தியானம். விளக்கணைக்கப் பத்தாகும். இரண்டாம் நாள் இரவு, உடம்பின் எந்தப் பகுதி வலிக்கவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். காது மடல்கள் தேறின.

எங்களுக்கு ஆசனம் கற்பித்த பெண்ணுக்கு என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். என்னை "அம்மா" என்றே அழைத்தார். நான் வியந்தது அவர் கற்பித்த முறையை. முதல் இரண்டு நாள்கள் செய்து காட்டினார். பின்னர் செய்யவே இல்லை. சொல் மட்டும். மூச்சு முதலில், அசைவு அடுத்து: "உள்ளிழுத்துக்கொண்டே கைகளை உயர்த்துங்கள்." ஒரு வாக்கியத்துக்கு ஒரு செயல். சொல்லிவிட்டு வரிசைகளுக்கிடையே நடந்து ஒவ்வொருவரையும் பார்த்தார். கரும்பலகை முன்னேயே நின்றுவிடும் நம்மவர்கள் காணவேண்டிய காட்சி.

நாடிசுத்தியில் நான்கு எண்ணும்வரை உள்ளிழுத்து, பதினாறுவரை நிறுத்தி, எட்டுவரை வெளியே விடுவது அம்மரபின் கணக்கு. நான் பிள்ளைகளை மனத்தில் வைத்துக் கேட்டேன். அவர் சற்று யோசித்து, "சிறுவர்களுக்கு மூச்சை நிறுத்தும் பகுதி வேண்டாம், அம்மா. உள்ளிழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருந்தால் போதும். இதயத் துடிப்பு தானாகத் தணியும்" என்றார். அந்த ஒரு விடைக்காகவே விமானம் ஏறியதாக எண்ணிக் குறிப்பேட்டில் எழுதிக் கோடிட்டேன்.

ஐந்தாம் நாள் எங்களையே கற்பிக்கச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது இறுதித் தளர்வு: கால்விரலிலிருந்து உச்சந்தலைவரை ஒவ்வோர் உறுப்பையும் தளர்த்தச் சொல்லும் பகுதி. தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன், கிடைத்தது. எதிரே படுத்திருந்தவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். நான் தோள்பட்டைக்கு வருமுன்பே அவர் குறட்டை விடத் தொடங்கினார். முப்பத்தெட்டுப் பேரை அடக்கிப் பழகிய குரல் ஒருவரை உறங்கவும் வைக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

வார ஓய்வு நாளில் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். மந்திரமில்லை, மூச்சை நிறுத்துவதில்லை, நாற்காலியில் அமர்ந்தபடியே ஐந்து நிமிடம், ஜனவரியில் தொடங்கலாமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதலில் சான்றிதழோடு வாருங்கள் டீச்சர்" என்றார். இன்னும் மூன்று வாரங்கள் இருந்தன. நான்கு மணி வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.