நீலச் சுரம்

ஏட்டைக் கண்டு கற்கும் கல்வி ஒன்று. செவியாற் கேட்டுப் பெறும் கல்வி மற்றொன்று. முன்னது கைவந்தவுடன் பின்னதும் கைவந்ததெனக் கருதி இறுமாந்திருத்தல் மாணாக்கர்க்கு இயல்பு. யாமும் அதற்கு விலக்கல்லேம். கித்தார் வாத்தியத்தில் ப்ளூஸ் என்னும் அமெரிக்க இசையைப் பயிலப் புகுந்தபோது எமக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவை ஈண்டு எழுதத் துணிகின்றோம்.

ப்ளூஸ் சுரவரிசை கற்றற்கு எளிது. ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பிரதி மத்தியமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் என ஆறே சுரங்கள். பிரதி மத்தியமத்தை நீக்கினால் எஞ்சுவன நம் சுத்த தன்யாசி இராகத்தின் சுரங்களே. கித்தாரின் ஐந்தாம் மெட்டில் சுட்டுவிரலை வைத்து, நான்கு மெட்டுக்களுக்குள் அனைத்தையும் வாசித்துவிடலாம். யாம் இரண்டு மாலைகளில் இதனை மனப்பாடஞ் செய்து, ஒரு திங்களுக்குள் மேலுங்கீழும் விரைந்து வாசிக்கும் திறமும் பெற்றோம். விடுதித் தோழர் சிலர் வியந்தனர். யாமும் எம்மை வியந்தோம்.

அந்நாளில், ஆலயத்தில் கீர்த்தனைகளுக்குக் கித்தார் வாசிக்கும் முதியவர் ஒருவரிடம் எம் திறமையைக் காட்டினோம். அவர் பொறுமையுடன் இறுதிவரை கேட்டு, "தம்பி, சுரங்கள் யாவும் சரியே. ஆனால் அழுகிறவனுடைய குரல் படி எண்ணியா ஏறி இறங்கும்?" என்றார். பின்னர் வாத்தியத்தை வாங்கி, மூன்றாந் தந்தியின் ஏழாம் மெட்டை அழுத்தி, அத்தந்தியை மெல்லத் தள்ளினார். மத்தியமம் நெகிழ்ந்து, பிரதி மத்தியமத்தைத் தீண்டிப் பஞ்சமத்தை நாடிச் சென்று, அதனை எட்டாமலே திரும்பிற்று. அவ்வொரு சுரத்தின்முன் எம் ஒரு திங்கள் உழைப்பும் வெறும் விரற்பயிற்சியாய்த் தோன்றிற்று. நாணி மீண்டோம்.

அதன் பின்னரே இவ்விசை பிறந்த இடத்தை நோக்கினோம். 1865-இல் அமெரிக்காவில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தும், மிஸிஸிப்பிப் பருத்தி நிலங்களில் ஆபிரிக்க வமிசத்து மக்கள் பலர் வாரத்திற்கு உழுது கடனிலே உழன்றனர். அவர்கள் வயலிற் கூவிய கூவலும் ஆலயத்திற் பாடிய பாட்டும் இவ்விசைக்கு ஊற்றாயின. 1903-ஆம் ஆண்டையொட்டி, டட்வைலர் என்னும் ஊரின் இரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்த டபிள்யூ. ஸி. ஹாண்டி என்னும் இசைவல்லார், கந்தையுடுத்த ஒருவன் கத்தியைத் தந்தியின்மேல் அழுத்திக் கித்தார் வாசிக்கக் கேட்டதாக, 1941-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். கத்தி வழுக்கிச் செல்லுமிடத்து மெட்டுக்களின் எல்லை ஏது? அத்தகைய குழைவை ஏட்டிற் காட்டப் புகுந்த ஹாண்டி, காந்தாரத்தையும் நிஷாதத்தையும் தாழ்த்தி எழுதினார். பியானோவின் கட்டைகளில் அதற்குமேல் வழியில்லை. ஆகவே யாம் மனப்பாடஞ் செய்த பட்டியல் ஒரு குரலின் நிழலேயன்றிக் குரலன்று.

மற்றொரு நுட்பமும் உண்டு. உடன் ஒலிக்கும் கூட்டுச்சுரத்தில் அந்தர காந்தாரம் நிற்க, பாடுவோன் சாதாரண காந்தாரத்தைப் பற்றுகின்றான். இலக்கணப்படி இரண்டும் மோதும். அம்மோதலைத் தீர்த்துவிடாது, இரண்டிற்கும் இடையே குரலை நிறுத்துவதிலேதான் ப்ளூஸின் உயிர் இருக்கின்றது. ஆங்கிலத்தில் நீலம் என்னுஞ் சொல் மனத்துயரையுங் குறிக்குமாதலின், இங்ஙனம் குழையும் சுரத்தை நீலச் சுரம் என்பர்.

இப்பொழுது யாம் விரைவைக் கைவிட்டோம். மாலைதோறும் ஒரே தந்தியில் காந்தாரத்தை அணுவளவு உயர்த்திப் பழகுகின்றோம். பெரும்பாலும் பிழையே நேர்கின்றது. எனினும், பிறர் துயரில் விளைந்த இசையை விரல்வித்தையாகக் காட்டிய பிழையினும் இது சிறிதென்று தேறுகின்றோம். ஏட்டை இகழ்வது எம் கருத்தன்று. அது வாயில்வரை வழிகாட்டும். உள்ளே புகுதற்குச் செவியும் பணிவும் வேண்டும்.

சென்ற வாரம் அம்முதியவர் மறுபடியும் கேட்டார். "ஒரு சுரம் மட்டும் பரவாயில்லை, தம்பி" என்றார். எமக்கு அது போதும்.