சுல்தான் படம் போட்ட பத்து வெள்ளி



சென்ற செவ்வாய்க்கிழமை சிங்கப்பூரில் ஒரு மெஸ்ஸில் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று கால்மணி நேரம் நம்பினேன். அந்நியச் செலாவணிச் சந்தையில் பத்தொன்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன் இதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் சொல்லாவிட்டால் இந்த மாத மடலுக்கு விஷயமில்லை.

கைபேசியில் சார்ஜ் இறங்கிப் போயிருந்தது. எல்லாக் கடையிலும் கட்டம் போட்ட குறியைக் காட்டிப் பணம் வாங்கும் ஊரில், அது பர்ஸைத் தொலைத்ததற்குச் சமம். நல்லவேளையாக, அவசரத்துக்கென்று மடித்து வைத்திருந்த ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டு ஒன்று இருந்தது. சிராங்கூன் சாலைப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு அதை நீட்டினேன். மீதியை எண்ணாமல் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். ரயில் நிலையத்துப் படியில் எடுத்துப் பார்த்தால், சிவப்புப் பத்து வெள்ளி நோட்டு ஒன்றில் முதல் அதிபர் யூசுப் இஷாக்கைக் காணவில்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் புருணை சுல்தான் இருந்தார்.

திரும்பி நடந்தேன். கல்லாவில் பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன்.

“தம்பி, இது என்ன?”

“புருணை காசுண்ணே.”

“அது தெரியுது. எனக்கு ஏன் குடுத்தே?”

“செல்லும்ண்ணே. இதுவும் பத்து, அதுவும் பத்து. வேணும்னா மாத்திக்கிங்க.”

கல்லாவைத் திறந்து வேறு நோட்டை எடுத்துவிட்டான். எனக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். “வேண்டாம், இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு வந்தேன். பையன் சொன்னது முழு உண்மை என்பதும், அது எனக்கே தெரிந்த விஷயம் என்பதும் ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. புத்தகத்தில் படித்தது சட்டைப்பைக்கு வந்தால் அடையாளம் தெரியவில்லை.

கதை இதுதான். 1967 ஜூன் 12 அன்று மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் அவரவர் பணத்தை வெளியிட்டன. அதுவரை மூவருக்கும் ஒரே வெள்ளைக்காரன் காலத்துப் பணம். பாகம் பிரித்தாலும் கிணறு பொது என்பதுபோல், ஒருவர் பணத்தை மற்றவர் ஒன்றுக்கு ஒன்றாக ஏற்பது என்று எழுதிக்கொண்டார்கள். 1973 மே மாதம் மலேசியா விலகிக்கொண்டது. அன்று ஒரு ரிங்கிட் ஒரு வெள்ளி. இன்று ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். ஜொகூர் பாலத்தில் சனிக்கிழமை நிற்கும் கார் வரிசைக்கு அதுதான் காரணம். புருணை மட்டும் விலகவில்லை. இன்றும் மெஸ்காரர் அந்த நோட்டை வங்கியில் போட்டால் பத்து பத்தாகவே வரவு வைப்பார்கள். வங்கி அதை இந்த ஊர் மைய வங்கியான நாணய ஆணையத்திடம் கொடுக்கும். ஆணையம் மொத்தமாகக் கட்டிப் புருணைக்கு அனுப்பி ஈடு வாங்கிக்கொள்ளும். கமிஷன் கிடையாது.

பக்கத்து நாட்டுச் சுல்தானின் நோட்டை முகம் சுளிக்காமல் வாங்குகிறது இந்த ஊர். நம் ஊரிலோ, ரிசர்வ் வங்கியே வெளியிட்ட பத்து ரூபாய் நாணயத்தை டவுன் பஸ்ஸில் வாங்கமாட்டார்கள். வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கள்ள நாணயம் புழங்குகிறதாம், கோடு பதினைந்து இருந்தால் ஒரிஜினல் இல்லையாம், ரூபாய்க் குறி இருந்தால்தான் செல்லுமாம். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, இதுவரை வந்த பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிக்கையே விட்டது. மன்னார்குடி கண்டக்டர் அசரவில்லை. “நோட்டாக் குடும்மா.”

அம்மா அந்த நாணயங்களை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள். முக்கால் பாட்டில் சேர்ந்திருக்கிறது. போன தடவை போனபோது என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். “ஏன்டா, நீ காசு யாவாரந்தானே பண்றே, இதை மாத்திக் குடேன்.” பையில் போட்டுக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனேன். எண்ணுவதற்கு ஆள் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். எனக்கு ஞாயிறு விமானம். யூரோவையும் யென்னையும் கோடிக் கணக்கில் புரட்டுகிறவனால் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாயை மாற்ற முடியவில்லை. பாட்டில் மறுபடி பரண் ஏறியது.

சரி, புருணைக்காரர்கள் தங்கள் படகைச் சிங்கப்பூர்க் கப்பலில் கட்டிவிட்டார்கள். கப்பலை எதில் கட்டியிருக்கிறார்கள்? இந்த இடத்தில் கொஞ்சம் வகுப்பெடுக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து போன் பேசுகிற விவரமானவர்கள், “அங்க ரிசர்வ் பேங்க் வட்டி எவ்வளவு?” என்று கேட்பார்கள். அப்படி ஒன்று இங்கே இல்லை என்றால் நம்பமாட்டார்கள். உண்மையிலேயே இல்லை. 1981 முதல் ஆணையத்துக்காரர்கள் வட்டியைப் பிடித்து விலைவாசியை அடக்குவதில்லை. வெள்ளியின் மதிப்பைப் பிடித்து அடக்குகிறார்கள். வெண்டைக்காய் முதல் கட்டடத்துக்கு மணல்வரை வெளியிலிருந்து வருகிற ஊர். நாட்டின் மொத்த உற்பத்தியைப் போல மூன்று மடங்கு வெளிநாட்டு வாணிபம். இங்கே விலைவாசி என்பதே நாணய மாற்று மதிப்புதான்.

டெல்டாக்காரனுக்கு வாய்க்காலை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். வெள்ளியின் மதிப்பைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க டாலர் ஒன்றோடு மட்டும் ஒப்பிட்டல்ல, முக்கிய வாணிப நாடுகளின் பணம் எல்லாம் கலந்த ஒரு கூடையோடு ஒப்பிட்டு அந்த மதிப்பை அளக்கிறார்கள். இரண்டு பக்கமும் கரை. நடுவில் சந்தை இழுத்த இழுப்புக்கு ஏறலாம், இறங்கலாம். கரையை உடைக்கப் பார்த்தால் ஆணையம் இறங்கி வெள்ளியை வாங்கும், அல்லது விற்கும். வாய்க்காலுக்கு வாட்டம் உண்டு. நம்முடையது கீழ்நோக்கி, இவர்களுடையது பெரும்பாலும் மேல்நோக்கி. அதாவது வெள்ளி மெதுவாக வலுப்பெற்றுக்கொண்டே போகும். விலைவாசி ஏறினால் வாட்டத்தைக் கூட்டுவார்கள், தொழில் படுத்தால் குறைப்பார்கள். ரொம்ப முற்றினால் வாய்க்காலையே அப்படியே தூக்கி மேலே வைப்பார்கள். 2021 அக்டோபரிலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஐந்து முறை இறுக்கினார்கள்.

கூடையில் எந்தப் பணம் எத்தனை பங்கு, கரை எவ்வளவு அகலம், வாட்டம் எத்தனை சதவீதம் என்று எதையும் சொல்லமாட்டார்கள். 2024 முதல் வருஷத்துக்கு நாலு தடவை காலை எட்டு மணிக்கு ஓர் அறிக்கை வரும். அதில் ‘சற்றே’ என்று ஒரு சொல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துத்தான் நாங்கள் பணம் போடுகிறோம். ஜோதிடர் முன் உட்கார்ந்த கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி அத்தனை பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

வாய்க்கால் என்று எழுதியதும் எங்கள் ஊர் பாமணியாறு வந்துவிட்டது. ஜூன் மாதத்தில் மேட்டூர் திறந்து இத்தனாவது நாள் தண்ணீர் வரும் என்று அப்பா விரல்விட்டு எண்ணுவார். வராது. இரண்டு நாள் கழித்து நுரையும் செத்தையும் தள்ளிக்கொண்டு வரும், பிள்ளைகள் கரையோடு கூடவே ஓடுவோம். கொள்கை அறிக்கை வரும் காலை எனக்கு அந்த நுரைதான் நினைப்பு.

பெருமையாகவும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இந்த நாணய ஆணையத்துக்குப் பன்னிரண்டு வருஷம் தலைவராக இருந்தவர் தர்மன் சண்முகரத்னம், இலங்கைத் தமிழ் வேர் உள்ளவர். இப்போது நாட்டின் அதிபர். அதற்கு நூறு வருஷம் முன்பே மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் மேசைக்கு முன் சம்மணமிட்டு நகரத்தார் வட்டிக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். சேஞ்ச் ஆலி என்கிற சந்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் கப்பலில் வந்தவனின் எந்த நாட்டுக் காசையும் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்லி மாற்றினார்கள். இங்கே சில்லறைக் காசைத் திருப்பிப் பார்த்தால் ‘சிங்கப்பூர்’ என்று தமிழில் இருக்கும். அதைச் சும்மா கொடுத்துவிடவில்லை.

வகுப்பு முடிந்தது. அக்கா மகனுக்கு வருகிறேன். ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் வருவான். “மாமா, பிட்காயின் வாங்கலாமா?” 2021 நவம்பரில் 69,000 டாலர் வரை போனபோது கேட்டான். அடுத்த வருஷம் 16,000க்கு விழுந்தபோது கேட்கவில்லை. 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தான். இப்போது பையனுக்கு விவரம் கூடியிருக்கிறது. “பிட்காயின் வேண்டாம் மாமா, டாலரோட கட்டின காயின் இருக்கே, அது சேஃப்தானே?”

கட்டினது என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். 2015 ஜனவரி 15, இங்கே மாலை ஐந்தரை மணி, வீட்டுக்குக் கிளம்பப் பை எடுத்துவிட்டேன். ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று மூன்று வருஷத்துக்கு மேலாகக் காவல் நின்ற சுவிஸ் மைய வங்கி, அன்று கையை விட்டது. அதுதான் எங்கள் கொள்கையின் அடித்தளம் என்று சில நாள் முன்பு அதன் துணைத்தலைவர் பேசியிருந்தார். பிராங்க் நிமிஷக் கணக்கில் பறந்தது. அன்று ராத்திரி பதினொன்றரைக்குத்தான் பையைத் தோளில் போட்டேன். அச்சடிக்கும் உரிமை உள்ள வங்கியே இப்படி.

2022 மே மாதத்துக் கதை இன்னும் மோசம். டெரா என்றொரு காயின், இந்த ஊரில் பதிவு செய்த கம்பெனிக்காரர்கள் விட்டது. ஒரு டெரா என்றைக்கும் ஓர் அமெரிக்க டாலர் என்றார்கள். போட்டு வைத்தால் வருஷத்துக்கு இருபது சதவீதத்தை ஒட்டி வட்டி. டாலர் பெட்டியில் இருக்கிறதா என்றால், பெரும்பாலும் அது தேவையில்லை, கணிப்பொறி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். டெராவைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு டாலர் மதிப்புக்கு லூனா என்கிற இன்னொரு காயின் தருவார்கள். லூனா எங்கிருந்து வரும்? புதிதாக அடிப்பார்கள். நாலு பேர் கேட்டபோது சரியாக நடந்தது. ஊரே கேட்டபோது அடிக்க அடிக்க லூனா விலை விழுந்தது, விழ விழ இன்னும் அடிக்க வேண்டியதாயிற்று. சுமார் 35 கோடியாக இருந்த லூனா சில நாளில் ஆறரை லட்சம் கோடி ஆனது. ஏப்ரலில் நூறு டாலருக்கு மேல் விற்றது மே நடுவில் ஒரு சென்ட்கூடப் பெறவில்லை. நம் ஊர் ஏலச்சீட்டுக்காரர் ஓடிப்போனால் வீட்டு வாசலிலாவது போய் உட்காரலாம்.

அந்த வருஷம் நானும் நாலாயிரம் வெள்ளியை வேறொரு காயினில் விட்டேன். எது என்று எழுதமாட்டேன். என் மனைவி இந்த மடலைப் படிப்பாள்.

இந்த ஊர் இதில் எனக்குப் பிடித்த காரியம் ஒன்று செய்தது. 2022 ஜனவரியில், கிரிப்டோவைப் பொது இடங்களில் விளம்பரம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸில், ரயிலில், சமூக ஊடகப் பிரபலங்களின் வாயில் எங்கும் கூடாது. மால்களில் நின்ற கிரிப்டோ ஏடிஎம்களும் மூடப்பட்டன. வாங்குகிறவன் வாங்கட்டும், ஆனால் கூவிக் கூப்பிடாதே. நம் ஊரில் அதற்கு முந்தைய வருஷம் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் ஓவருக்கு ஓவர் காயின் விற்றார்கள். அப்புறம் வரி போட்டார்கள். லாபத்தில் முப்பது சதவீதம், நட்டத்தைக் கழித்துக்கொள்ளவும் கூடாது. பாதிப்பந்தி முடிந்த பிறகு இலைக்குக் காசு கேட்கிற மாதிரி. இங்கேயும் அரசு முதலீட்டு நிறுவனமான டெமாசெக், எஃப்டிஎக்ஸ் என்கிற கிரிப்டோச் சந்தையில் போட்ட 27.5 கோடி அமெரிக்க டாலரை முழுதாக எழுதித் தள்ளியதே என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஊர்ப் பிள்ளையைத் திட்டுவதற்குத்தான் எனக்கு உரிமை அதிகம்.

ரூபாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வந்தபோது ஒரு வெள்ளி முப்பது ரூபாய்க்குள். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. ரூபாய் விழுந்தது என்று செய்தி வந்தால், இங்கே தேக்காவில் பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசை நீளும், முகங்கள் மலரும். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். அம்மா வாங்கும் கடலை எண்ணெய் விலையும் அதே செய்தியில் இருக்கிறது என்பது வீடு வந்த பிறகுதான் தோன்றும்.

அக்கா மகனுக்கு இந்த முறை நீளமாக எழுதினேன். டேய், கயிறு எவ்வளவு கெட்டி என்று பார்க்காதே. ஊரே ஒரே நாளில் திருப்பிக் கொண்டுவந்து போட்டாலும், இந்தா பிடி என்று எண்ணிக் கொடுக்க மறுபக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார். அவருக்கு முகவரி உண்டா, கொடுத்தால் அவருக்கு என்ன நட்டம், அதைத் தாங்குவாரா என்று பார். புருணை நோட்டுக்கு அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். உன் காயினுக்கு யார் என்று எழுதி அனுப்பு. நீல டிக் விழுந்துவிட்டது. பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி அதே மெஸ். கைபேசியில் சார்ஜ் நிறைய இருந்தது. இருந்தாலும் வேண்டுமென்றே சுல்தானை நீட்டினேன். பையன் வாங்கிக் கல்லாவில் போட்டான். பார்க்கக்கூட இல்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். இந்தத் தடவை திங்கட்கிழமையும் இருக்கும்படி டிக்கெட் போட்டிருக்கிறேன். அம்மா பாட்டிலைத் துடைத்து வைத்துவிட்டாளாம்.