கண்டி மழையும் உம்மும்மாவின் பல்லாங்குழியும்

ஐப்பசி மாதத்தில் கண்டிக்குப் போவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பார்க்க வேண்டியதையெல்லாம் லுஹர் தொழுகைக்கு முன்பே பார்த்து முடித்துவிடுங்கள். காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். கண்டி ஏரி கண்ணாடிபோல் கிடக்கும். 'இந்த ஊரிலா மழை?' என்று நினைப்பீர்கள். பகல் இரண்டு மணி ஆகட்டும்! மலைக்குப் பின்னாலிருந்து மேகம் ஏறி வரும். ஓர் இடி. அவ்வளவுதான், மஃரிப் வரைக்கும் ஓடும் தகரமும் பேசிக்கொண்டிருக்கும், நாம் பேச முடியாது.

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து வடகிழக்குக் காற்று தொடங்கும் முன் வருகிற இடைக்கால மழை இது. கண்டியில் அக்டோபரிலும் நவம்பரிலும்தான் மழை மிக அதிகம்.

நாங்கள் தங்கியிருந்தது அக்குறணையில். கண்டியிலிருந்து மாத்தளை போகும் சாலையில் சுமார் பத்து கிலோமீட்டர் தூரம். நம் மக்கள் நிறைந்து வாழும் ஊர். ஏலம், கராம்பு (நம்மூர்க் கிராம்புதான்), சாதிக்காய், மிளகு என்று வாசனை வியாபாரத்துக்குப் பேர் போனது. பெருமழை பெய்தால் பிங்கா ஓயா கரை மீறிக் கடைவீதிக்குள் வந்துவிடும். கடைக்காரர்கள் மூட்டைகளை மேலே ஏற்றுவதைப் பார்த்தால், பல தடவை ஏற்றிப் பழகிய கைகள் என்று தெரியும்.

அந்த வீட்டில் ஓர் உம்மும்மா இருந்தார். அங்கே பாட்டியை அப்படித்தான் அழைக்கிறார்கள். எண்பதைத் தொட்ட வயது. முந்தைய ஆண்டு மழையில் முற்றத்துப் பாசிப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, பிறகு கூடிவிட்டது. ஆனால் அன்று முதல் வீட்டார் அவரை எதையும் தொட விடுவதில்லை. தேங்காய் துருவப் போனால், "நீங்க இருங்க உம்மும்மா." வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால், "நீங்க இருங்க." எல்லாம் அன்பினால்தான். மருமகள் தங்கமானவர். ஆனால் உம்மும்மாவோ அஸர் தொழுதுவிட்டு, ஜன்னலோரம் தஸ்பீஹுடன் உட்கார்ந்து மழையைப் பார்த்தபடியே இருப்பார். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை ஒரு வார்த்தை வராது.

எனக்குச் சுருக்கென்றது. என் உம்மாவுக்கும் நான் இதையேதான் செய்தேன். 'ஓய்வு' என்று சொல்லி அவர் கையிலிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தேன்.

அந்த வீட்டுப் பேத்தி கனடாவில் இருக்கிறார். அங்கே அது இலையுதிர் காலம். முதியோர் இல்லங்களில் பழுத்த இலைகளைக் கோத்து மாலை செய்வது, அட்டையில் ஒட்டிப் படம் ஆக்குவது என்று பெரியவர்களுக்கு வேலை கொடுப்பார்களாம். படங்கள் அனுப்பியிருந்தார். எல்லோரும் கைப்பேசியைச் சுற்றிக் கூடினோம். உம்மும்மாவும் பார்த்தார். "இலைக்கா பஞ்சம்? எங்கட பிலாவடியில கெடக்கே" என்றார். இரண்டு நாளில் நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்!

மறுநாள் காலை வெயில் இருக்கும்போதே முற்றத்தில் பொறுக்கினேன். கண்டியில் இலையுதிர் காலம் ஏது என்று கேட்பீர்கள். பழுத்த பலா இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், நரம்போரம் கொஞ்சம் பச்சை. கொட்டான் மரத்து இலையோ (நாட்டு வாதுமை என்போமே, அது) உதிருமுன் செக்கச் செவேலென்று ஆகிவிடும். கனடாவுக்குக் குறைந்ததில்லை.

அவற்றை உம்மும்மாவின் மடியில் வைத்தேன். ஒரு பலா இலையை எடுத்துச் சுருட்டி, ஈர்க்குத் துண்டால் ஒரு குத்து. கஞ்சி குடிக்கும் கரண்டி தயார்! முறிந்து கூடிய அதே கைதான். பள்ளிவிட்டு நனைந்து வந்த சின்னப் பிள்ளைகள் தங்களுக்கும் வேண்டும் என்று மொய்த்துக்கொண்டன.

இலைகளை அழுத்திக் காயவைக்கவும் தொடங்கினோம். இதற்குக் கண்டியிலேயே பெரிய முன்மாதிரி உண்டு. நகரிலிருந்து ஆறு கிலோமீட்டரில் பேராதனைப் பூங்கா. 1821இல் தொடங்கியது. மகாவலி கங்கை வளைந்தோட, 147 ஏக்கர் பரப்பு. பார்க்கப் போகிறவர்கள் பனை வரிசையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அங்கேதான் தேசிய உலர்தாவரக் காப்பகமும் இருக்கிறது. செடிகளை இலையும் பூவுமாக அழுத்தி உலர்த்தித் தாளில் பொருத்தி வைத்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரித்தவைகூட இருக்கின்றன. (பூங்காவில் இலை பறிக்காதீர்கள். வீட்டு முற்றம் போதும்.)

செய்முறை எளிது. ஈரம் துடைத்த இலையைச் செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்து, மேலே கனமான பலகையை ஏற்றுங்கள். கண்டி போன்ற ஈரக்காற்று ஊரில் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். நான் ஒருநாள் மறந்தேன், பூஞ்சணம் பூத்துவிட்டது. உம்மும்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்று முதல் தாள் மாற்றும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். காய்ந்ததும் அட்டையில் ஒட்டினால் பெருநாள் வாழ்த்து. முதல் அட்டை கனடாவுக்கு என்று முடிவானது.

இனி பல்லாங்குழிக்கு வருகிறேன். மூன்றாம் நாள் மழையோடு மின்சாரமும் போயிற்று. தொலைக்காட்சி அணைந்தது, வீடு அமைதியானது. "பல்லாங்குழி இருக்கா?" என்று கேட்டேன். அலமாரியின் உச்சியில் துணி சுற்றிக் கிடந்தது. பதினான்கு குழி, பலா மரத்தில் செய்தது, விளிம்பு கைபட்டுப் பட்டு மெழுகாகியிருந்தது.

நான் வழக்கம்போல் குழிக்கு ஐந்து போட ஆரம்பித்தேன். உம்மும்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாலு வெக்கோணும் மகள்."

"எங்கள் ஊரில் ஐந்து, உம்மும்மா."

"அப்ப ஒங்கட ஊர்ல வெளயாடுங்க!"

நாலுதான் போட்டோம். சிங்கள மக்கள் இதே மாதிரிப் பலகையில் 'ஒலிந்த கெலிய' என்று சித்திரைப் புத்தாண்டுக்கு ஆடுவார்கள். ஒலிந்த என்றால் குன்றிமணி. அங்கேயும் குழிக்கு நாலுதான். பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியாளர் 1909இல் வெளியிட்ட இலங்கை பற்றிய ஆங்கில நூலில் இந்த விளையாட்டை விவரித்திருக்கிறார். நீங்கள் ஆடினால் குன்றிமணி வேண்டாம். அழகுதான், ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டில் புளியங்கொட்டைதான் நல்லது. பார்வை மங்கியவர்களுக்கும் அதுவே வசதி. உம்மும்மாவுக்கு ஒரு கண்ணில் புரை. குழிக்குள் விரலை விட்டுத் தடவியே எண்ணிவிடுகிறார்!

முழங்கால் மடக்க முடியாதவரைப் பாயில் உட்கார வைக்காதீர்கள். பலகையை முக்காலியில் வையுங்கள். விளக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் கையின் நிழலே குழியை மறைக்கும். காசு வைத்து ஆடுவது நமக்கு ஆகாது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று நான் மூன்று ஆட்டத்திலும் தோற்றேன். விட்டுக்கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே தோற்றேன். நாலாவதில் ஒரு கொட்டையைக் கூடுதலாக நகர்த்திவிட்டேனாம். "கள்ள வெளயாட்டு!" என்று உம்மும்மா போட்ட சத்தத்தில் சமையலறையிலிருந்து மருமகள் ஓடி வந்தார். யாரோ விழுந்துவிட்டார்கள் என்று பயந்திருக்கிறார் பாவம். வாசலில் நின்று பார்த்தவர், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு சுளகில் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து, "உம்மும்மா, ஆட்டம் முடிஞ்ச பொறகு இதயும் உரிச்சுத் தாறீங்களா?" என்று கேட்டார்.

இன்னொரு நாள் காலையில் தும்பறைப் பாய் நெய்யும் ஹேனவல கிராமத்துக்குப் போய் வந்தோம். கற்றாழை இனத்து நாரில் விலங்கும் பறவையும் கோலமுமாக நெய்கிறார்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். வாங்கி வந்த சிறு விரிப்பை உம்மும்மா திருப்பிப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் கீறினார், தன் காலத்துப் பன்பாய்க்கு ஓரம் இதைவிட இறுக்கமாக இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார்.

புறப்படும் நாளில் காலையிலேயே ஒரு துணி முடிச்சை என் கையில் வைத்தார். புளியங்கொட்டை. "எழுவது இல்ல, செல்லிட்டேன்" என்றார். ஊர் வந்து உம்மாவின் முன்னால் பிரித்து எண்ணினேன். சரியாக 56. உம்மா முடிச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இதென்ன கணக்கு? குழிக்கு ஐந்தல்லவா?" என்றார்.