கிள்ளானா, பிரிக்பீல்ட்ஸா?

திருமணமான புதிதில் எங்களுக்குள் எழுந்த முதல் கருத்து வேறுபாடு வாடகை வீட்டைப் பற்றியதுதான். என் மனைவி பிரிக்பீல்ட்ஸில், கே.எல். சென்ட்ரலுக்கு அருகிலுள்ள ஓர் அலுவலகத்தில் கணக்காளராக இருக்கிறார். எனக்கோ கிள்ளான் துறைமுகத்திலுள்ள ஒரு கிடங்கில் வேலை. இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்.

“பாதி வழியில் வீடு எடுத்துவிடுவோம். யாருக்கும் மனக்குறை இருக்காது,” என்றேன் நான். வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். சுபாங் ஜெயா ஏறத்தாழ நடுவில் இருந்தது. பெரிய சிக்கலைத் தீர்த்துவிட்ட பெருமிதம் எனக்கு.

இந்தக் குழப்பத்தை என் தாத்தாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டுக்கும் வேலைக் காட்டுக்கும் இடையே நடைதூரம்தான். என் மனைவியின் தாத்தா இரயில்வேத் தொழிலாளி. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேக் குடியிருப்பில் வாழ்ந்தவர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை 1886ஆம் ஆண்டிலேயே இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அந்த இரயில்வேயை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஏராளம். எங்கே குடியிருப்பது என்று இரண்டு தாத்தாக்களும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வேலை கொடுத்தவர்களே வீட்டையும் கொடுத்தார்கள். ஆனால், வேலை போனால் வீடும் போய்விடும். தோட்டம் விற்கப்பட்டபோது எங்கள் குடும்பம் இரண்டையும் ஒரே நேரத்தில் இழந்தது. எனவே, வீட்டைத் தேடி அலைவதும் ஒருவகையில் எங்களுக்குக் கிடைத்த உரிமைதான் என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

சரி, சுபாங் ஜெயாவுக்கு வருவோம். என் மனைவி என்னைப்போல் வரைபடத்தை நம்புகிறவர் அல்லர். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூன்று நிரல்கள் வரைந்தார். பிரிக்பீல்ட்ஸ், சுபாங் ஜெயா, கிள்ளான் என்று தலைப்பிட்டார். “வேலை நாளில் போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும்,” என்றார். ஆளுக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வேலைக்குச் செல்லும் நேரத்திலேயே அந்தந்த இடங்களிலிருந்து புறப்பட்டுப் பார்த்தோம்.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்தால் அவருக்குப் பத்து நிமிட நடை. எனக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரம். சுபாங் ஜெயாவிலிருந்து அவருக்கு ஒரு மணி நேரம், எனக்கு நாற்பது நிமிடம். கிள்ளான் என்றால் எனக்கு இருபது நிமிடம். அவருக்கோ கொமுட்டர் இரயிலும் நடையும் சேர்ந்து ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். கூட்டிப் பார்த்தால் பிரிக்பீல்ட்ஸில்தான் இருவருக்கும் சேர்த்து மிகக் குறைந்த நேரம், எழுபது நிமிடம். நடுவில் இருக்கும் சுபாங் ஜெயாவுக்கு நூறு நிமிடம். வரைபடத்தின் நடு, நேரத்தின் நடுவாக இல்லை!

அப்படியென்றால் பிரிக்பீல்ட்ஸுக்கே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் சொன்னேன். வாடகை இரண்டாயிரம் ரிங்கிட். இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, நீர் மின்சாரத்திற்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று சாவியை வாங்குவதற்கு முன்பே ஏழாயிரம் ரிங்கிட் வேண்டும். கடன் வாங்கியாவது கொடுத்துவிடலாம் என்று எண்ணினேன்.

“பணத்தை விடுங்கள். இரவு வேலை முடிந்து எப்படி வருவீர்கள்?” என்று கேட்டார் அவர்.

எனக்குச் சுழல்முறை வேலை. மாதத்தில் இரண்டு வாரம் இரவில் தொடங்கி, காலை மணி 7.00க்கு முடியும். ஊரே கோலாலம்பூரை நோக்கிப் புறப்படும் நேரம் அது. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனித்தடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால், இரவு முழுவதும் கண்விழித்தவனுக்கு அந்தத் தடத்தின் நீளம் வேறு. திருமணத்திற்கு முன்பு ஒருநாள் காலையில், நண்பனைப் பார்க்கக் கோலாலம்பூருக்குச் சென்றபோது ஷா ஆலாம் அருகே ஒரு கணம் கண்ணயர்ந்துவிட்டேன். முன் சக்கரம் தடுப்பில் உரசிய ஓசைதான் என்னை எழுப்பியது. மேம்பாலத்தின் அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, கை நடுக்கம் அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றுதான் அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேனாவை எடுத்து பிரிக்பீல்ட்ஸ் நிரலின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

எஞ்சியவை சுபாங் ஜெயாவும் கிள்ளானும். நேரக் கணக்குப்படி அவருக்குச் சுபாங் ஜெயாவே நல்லது. ஆனால், சோதனைப் பயணத்தில் அவர் வேறொன்றைக் கவனித்திருந்தார். துறைமுகத்திலிருந்து புறப்படும் கொமுட்டருக்குக் கிள்ளான் ஆறாவது நிலையம். அங்கே ஏறியபோது உட்கார இடம் கிடைத்தது. சுபாங் ஜெயா பதினோராவது நிலையம். அங்கே ஏறிய அன்று பெண்களுக்கான பெட்டியில்கூட நிற்கத்தான் இடம். “கூட்டத்தில் நசுங்கி நிற்பதைவிட, ஒரு மணி நேரம் உட்கார்ந்து போகலாம். படிக்கலாம், தூங்கவும் செய்யலாம்,” என்றார். வாடகையிலும் அறுநூறு ரிங்கிட் வேறுபாடு இருந்தது.

கிள்ளானில் ஏழு வீடுகள் பார்த்தோம். ஒன்று விலை மலிவு. ஆனால், நிலையத்திலிருந்து வரும் பாதையில் விளக்கே இல்லை. இருட்டிய பிறகு ஒரு பெண் தனியாக நடக்கக்கூடிய வழியன்று. இன்னொரு வீட்டின் சுவரில் முழங்கால் உயரத்தில் மங்கலான கறை ஓடியது. 2021 டிசம்பர் வெள்ளத்தின் அடையாளம் அது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். வீட்டைக் காட்டிய முகவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அண்டை வீட்டாரிடம் இரண்டு வார்த்தை பேசாமல் ஒப்பந்தத்தில் கையொப்பமிடக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். கடைசியில், நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடையில், தெருவிளக்குள்ள ஒரு வரிசை வீடு ஆயிரத்து இருநூறு ரிங்கிட்டுக்குக் கிடைத்தது.

எல்லாம் நலமாக முடிந்தது என்று எழுத எனக்கு மனமில்லை. ஒவ்வொரு நாளும் என்னைவிட இரண்டு மணி நேரத்திற்கும் மேல் கூடுதலாகப் பயணம் செய்பவர் அவர்தான். காலை மணி 5.30க்கு எழுகிறார். இரயில் தாமதமானால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறார். இந்தக் கணக்கைச் சமன்செய்ய முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே, சமையலறையை நான் எடுத்துக்கொண்டேன். தொடக்கத்தில் நான் வைத்த சாம்பாரைப் பற்றி இங்கே எழுத வேண்டாம். இரவு வேலை இல்லாத நாள்களில் நிலையத்துக்குச் சென்று காத்திருப்பேன். நடந்து வரும் எட்டு நிமிடங்களில்தான் அன்றைய கதைகளைப் பேசி முடிப்போம்.

அடுத்த மாதத்தோடு எங்கள் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கப் போகிறீர்களா என்று வீட்டுக்காரர் கேட்டுவிட்டார். நேற்றிரவு என் மனைவி அந்தப் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடியெடுத்து மேசைமேல் விரித்து வைத்தார். அதே மூன்று நிரல்கள். அவற்றுக்குக் கீழே புதிதாக ஒரு வரி எழுதியிருந்தார்: ‘பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?’