ஒரு வாசல், நான்கு வாரிசுகள்

உஸ்தாத் ஒருவருக்குக் கண் மங்கினால் இழப்பு அவருக்கு மட்டுமன்று. அவரிடம் ஓதக் காத்திருப்போருக்கும் உண்டு. நம் மதரஸாவின் மூத்த ஹஜ்ரத் அவர்கள் ஃபராயிள் என்னும் பாகப்பிரிவினைக் கலையை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருபவர்கள். கண் நீரழுத்த நோய் அவர்களுடைய பார்வையில் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது. "வரும் ஷவ்வாலோடு ஓய்வு பெறுகிறேன்" என்று சொல்லத் தொடங்கினார்கள். பாடக் குறிப்புகளை மாணவர்கள் கணினியில் ஏற்றி வைத்திருந்தனர். வேண்டும்போதெல்லாம் அவற்றைப் படித்துக் காட்டத்தான் ஆளில்லை.

நம்மிடம் ஓதிப் பின்னர் மின்னணுவியல் பயின்ற மாணவர் ஒருவர், அக்குறிப்புகளை வாசித்துச் சொல்லும் கையடக்கக் கணினி ஒன்றைத் தாமே செய்து கொணர்ந்தார். அதன் நெஞ்சம், 2017இல் பிரிட்டனில் வெளியிடப்பட்ட 'ராஸ்பெரி பை ஜீரோ டபிள்யூ' என்னும் சிறு பலகை. நீளம் 65 மில்லிமீட்டர், அகலம் 30. 'ஈஸ்பீக்' என்னும் இலவச மென்பொருள் தமிழையும் அரபியையும் வாசிக்கிறது. ஹரகத் இல்லாத அரபியைக் கண்டால் மட்டும் முதலாண்டு மாணவனைப் போலத் தடுமாறுகிறது!

தொல்லை வேறிடத்தில் இருந்தது. பிற கருவிகளை இணைக்க அப்பலகையில் யு.எஸ்.பி. வாசல் ஒன்றே ஒன்றுதான். ஹெட்போன் துளை அதில் கிடையாது. ஆதலால் ஒலிக்கான சிறு கருவி அவ்வாசலைக் கேட்கிறது. பெரிய பொத்தான்கள் கொண்ட விசைப்பலகையும் அதையே கேட்கிறது. மாணவர் கொணரும் பென் டிரைவும் அதையே. வெளியே ஒரு 'ஹப்' மாட்டிப் பார்த்தோம். தொங்கும் கம்பி ஹஜ்ரத் அவர்களின் கையில் பட்டு ஒரே நாளில் இருமுறை கழன்றது. எங்கே கழன்றதென அவர்கள் தடவித் தேடியதைக் காணப் பொறுக்கவில்லை. ஹப்பைப் பெட்டிக்குள்ளேயே அமர்த்திவிடுவதென முடிவாயிற்று.

பலகையின் அடிப்புறத்தில் யு.எஸ்.பி.யின் செய்திக் கம்பிகள் இரண்டும் வந்து முடியும் சின்னஞ்சிறு ஈயப் பொட்டுகள் உள்ளன. சூடு சற்று மிகுந்தால் பொட்டே பெயர்ந்துவிடும். மாணவர் ஹப்பின் ஓட்டைக் கழற்றி, இரண்டு மெல்லிய கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிக் குட்டையாக வெட்டி அங்கே பற்றவைத்தார். அதன்பின் வெளி வாசலில் எதையும் செருகலாகாது; அதுவும் இதே கம்பிகளின் மறுமுனைதான்.

ஹப்பில் மாட்டிய கருவி எதுவும் தானாக வாய் திறப்பதில்லையாம். கணினி ஒவ்வொன்றையும் முறைவைத்துக் கேட்கும்; கேட்கப்பட்டதே பேசும். நம் ஸபக்கில் அவ்வளவு ஒழுங்கு இருந்ததாக நினைவில்லை.

மின்னோட்டக் கணக்கு வந்தபோதுதான் ஹஜ்ரத் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யு.எஸ்.பி. 2.0 விதிப்படி ஒரு வாசல் தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர். அதிலிருந்தே உண்ணும் ஹப் தனக்கு 100 வைத்துக்கொண்டு நான்கு கிளைகளுக்கும் தலா 100 கொடுக்கும். பென் டிரைவுகளில் பல, எழுதும் வேளையில் அந்த 100ஐத் தாண்டிக் கேட்கும்.

"பங்கு மிஞ்சினால் அவ்ல் செய்ய வேண்டியதுதானே, தம்பி?" என்றார்கள்.

மனைவிக்கு எட்டில் ஒன்று, இரு பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் தலா ஆறில் ஒன்று. சொத்தை 24 பங்காக்கினால் வாரிசுகளின் பங்கு 27 ஆகிறது. அப்போது 27ஆகவே பிரித்து எல்லோருக்கும் சிறிது குறைப்பதே அவ்ல்.

"இங்கே அது செல்லாது, ஹஜ்ரத். அளவு மிஞ்சினால் மின்னழுத்தம் சரிந்து எல்லாமே நின்றுபோகும்" என்றார் மாணவர்.

"அப்படியானால் சொத்தைத்தான் பெருக்க வேண்டும்" என்று உடனே விடை வந்தது. அதுவே செய்யப்பட்டது. 3.7 வோல்ட் பேட்டரியை 5 வோல்ட்டாக உயர்த்தும் சுற்றிலிருந்து ஹப்புக்குத் தனிக் கம்பி நேராகப் போயிற்று. பலகையின் வழியே அன்று. 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் என்பது, உயர்த்துவதில் வீணாவதையும் சேர்த்தால், பேட்டரியிடம் ஏறத்தாழ 750 கேட்பதாகும். சும்மா கிடைப்பது எதுவுமில்லை: முன்பு ஐந்து மணி நேரம் உழைத்தது இப்போது நான்கைத் தொடுவதில்லை.

ஷவ்வால் வந்தது. காலைப் பாடம் ஃபராயிள் என்றே அட்டவணையில் எழுதப்பட்டது. லுஹர் தொழுகைக்குப் போகும்போது பெட்டியைச் சார்ஜில் இடும் பொறுப்பைச் சிறு மாணவர்கள் போட்டியிட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.