பேச்சுக்கு முன்னே கை



பேச்சு வராத குழந்தைக்குச் சைகை கற்பிப்பது மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். ஒன்பதாம் மாதக் குழந்தையைக் கைகொட்டச் சொல்லி மகிழ்வதற்குச் சப்பாணிப் பருவம் என்று பெயரிட்டு, பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றாக வைத்தவர்கள் நாம். இன்றும் தாசேக் கெலுகோரில் எந்த வீட்டுப் பாட்டியானாலும் “சாமி கும்பிடு” என்று கை கூப்பக் கற்றுக்கொடுக்காமல் இருப்பதில்லை. குழந்தை ‘சாமி’ என்று சொல்லப் பல மாதங்கள் இருக்கும். கை மட்டும் முந்திக்கொண்டு கூப்பிவிடும். நாவையும் உதட்டையும் ஒலிக்கேற்ப வளைப்பதைவிடக் கையை அசைப்பது அதற்கு எளிது. அவ்வளவுதான் இதன் இரகசியம்.

இதை முறையாக ஆராய்ந்தவர்கள் அமெரிக்க உளவியலாளர்களான லிண்டா அக்ரெடோலோவும் சூசன் குட்வினும். அக்ரெடோலோவின் மகள், பூவைக் கண்டால் மூக்கை உறிஞ்சிக் காட்டுமாம். அதிலிருந்து தொடங்கியது அவர்களின் ஆய்வு. 1996இல் நூலாகவும் வந்தது. பிறகு வணிகர்கள் புகுந்தனர். சைகை பழகினால் குழந்தை மேதையாகும் என்று வட்டும் அட்டையும் விற்றனர். அந்தப் பேச்சை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். 2013இல் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 குழந்தைகளை எட்டாம் மாதத்திலிருந்து இருபதாம் மாதம் வரை கவனித்து வெளியிட்ட முடிவு நேர்மையானது: சைகை பழகியதால் பேச்சு விரையவுமில்லை, தடைப்படவுமில்லை. ஆனால் சைகை பழக்கிய தாய்மார், குழந்தையின் குறிப்பறிந்து நடப்பதில் தேர்ந்திருந்தனர். எனக்கு அதுவே போதும்.

என் மகளுக்கு எட்டு மாதத்தில் மூன்றே சைகைகள் பழக்கினேன்: பால், இன்னும், போதும். பாலுக்கு விரல்களை மூடித் திறப்பது; கறப்பது போல. ஒவ்வொரு முறையும் தமிழ்ச் சொல்லையும் சேர்த்தே சொன்னேன். ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு நள்ளிரவு, அழாமல் தொட்டிலில் கிடந்தபடி விரல்களை மூடித் திறந்தாள். பேச்சு வந்ததும் சைகைகள் தாமாகவே உதிர்ந்துபோயின. இன்று அவளை நிறுத்தத்தான் வழி தெரியவில்லை.

நிற்க. இதையெல்லாம் நான் எழுதத் துணிந்தது வேறொரு குழந்தைக்காக.

எங்கள் தாமானில் ஒரு சிறுவன். அவனுக்குக் காது கேட்கவில்லை என்பது இரண்டு வயதை நெருங்கியபோதுதான் தெரிந்தது. கருவி பொருத்தினர்; ஓரளவே பயன். அவனுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்த ஒருவர், “கைஜாடை காட்டாதீர்கள், வாய் சோம்பிவிடும்” என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். பெற்றோர் ஓராண்டு அதைக் கட்டளையாகக் காத்தனர். பிள்ளை கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். மூன்று வயதில் அவனுக்கு ‘தண்ணீர்’ என்பதற்கு வாயிலும் சொல் இல்லை, கையிலும் இல்லை. பசித்தால் வாசற்கதவில் தலையை மோதிக்கொள்வான்.

கேட்கும் குழந்தைக்குச் சைகை ஒரு வசதி. கேளாத குழந்தைக்கு அது தாய்மொழியாகலாம். காதுகேளாப் பெற்றோரிடம் சைகைமொழி கண்டு வளரும் கேளாக் குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசும் பருவத்தில் கையால் மழலை பேசுவதை லாரா ஆன் பெட்டிட்டோ 1991இலேயே காட்டியிருக்கிறார். மூளைக்கு மொழி வேண்டும். அது எவ்வழியே வந்தாலும் ஏற்றுக்கொள்கிறது. அந்த முதல் ஆண்டுகள் வீணானால் பின்னர் ஈடுசெய்வது கடினம்.

பினாங்குக்காரர்களாகிய நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். 1954இல் இங்கே காதுகேளாதோர் கூட்டரசுப் பள்ளி தொடங்கியபோது வகுப்பறையில் வாய்மொழி முறைதான். பிள்ளைகளோ வகுப்புக்கு வெளியே தாங்களாகவே கைகளால் பேசி ஒரு மொழியை ஆக்கிக்கொண்டனர். பினாங்குச் சைகைமொழி என்று இன்று அதற்குப் பெயர். முதியவர்கள் சிலரிடம் எஞ்சியுள்ளது. இப்பொழுது நாடெங்கும் வழங்குவது மலேசியச் சைகைமொழி. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

சிறுவனின் பாட்டிக்கு வேறொரு கவலை. “அங்கே மலாய்தானே டீச்சர் சொல்லித்தருவாங்க, நம்ம தமிழ் போயிடுமே?” என்றார். தமிழாசிரியையான என்னிடமே கேட்டார். எளிதான கேள்வியன்று. எழுத்தும் பாடமும் மலாயில்தான் அமையும் என்பது உண்மை. ஆனால் ஒரு மொழியும் இல்லாத பிள்ளைக்கு எந்தத் தமிழை நாம் காப்பாற்றப்போகிறோம்? முதலில் அவனோடு பேசுங்கள் பாட்டி, தமிழ் எழுத்தைப் பிறகு நான் சொல்லித்தருகிறேன் என்றேன்.

உங்கள் பிள்ளை ஓராண்டு நிறைந்தும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? “ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்” என்ற ஆறுதலைக் கேட்காதீர்கள். மருத்துவமனையில் செவிச் சோதனை கேளுங்கள். முடிவு வரும்வரை கையையும் பயன்படுத்துங்கள், நட்டமொன்றுமில்லை.

அந்தக் குடும்பம் இப்பொழுது சனிக்கிழமைதோறும் பாலம் கடந்து தீவுக்குப் போய்ச் சைகைமொழி கற்றுவருகிறது. எழுபது வயதில் பாட்டியும் போகிறார். அவருக்கும் பேரனுக்கும் அன்றாடம் சண்டை. அவன் ‘இன்னும்’ என்பான், அவர் ‘போதும்’ என்பார். மைலோவுக்காக.