கோதமி விகாரைச் சுவர்கள்

எழுபதுகளின் கொழும்பை நினைத்தால் எனக்குப் பொரளைதான் முந்திக்கொண்டு வரும். சந்தியில் பஸ்ஸின் இரைச்சல், விடியற்காலைப் பேக்கரியில் பாண் வேகும் வாசம், சாப்பாட்டுக் கடையொன்றின் மேல்மாடியில் குஞ்சியப்புவின் ஒற்றை அறை. குஞ்சியப்பு அரசாங்க லிகிதர். திருநீறு பூசாமல் கந்தோருக்குப் போகாத மனிதர். என்னை முதன்முதலாக ஒரு பௌத்த விகாரைக்குள் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான்.

"செருப்பைக் கழட்டிப்போட்டு வா தம்பி. முகத்தைப் பாக்காதை, கோட்டைப் பார்" என்றார்.

அது பொரளைக் கோதமி விகாரை. அதன் உட்சுவர்களில் 1939-40 காலத்தில் ஜோர்ஜ் கீற் வரைந்த புத்தர் சரிதை, பிறப்பிலிருந்து பரிநிர்வாணம் வரைக்கும். குஞ்சியப்பு சொன்னபடி கோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். புருவத்தில் புறப்பட்ட கோடு முறியாமல் இறங்கி மூக்காயிற்று. பக்கம் பார்த்த முகத்தில் கண் மட்டும் முழுசாக விழித்திருந்தது. ஓர் உருவத்தின் தோளில் முடிந்த வளைவு, பக்கத்து உருவத்தின் கையில் தொடர்ந்தது. தனித்தனி ஆட்களாக எவரும் அங்கே நிற்கவில்லை. சுவர் முழுக்க ஒரே மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

கீற் 1901இல் கண்டியில் ஒரு பறங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். திரித்துவக் கல்லூரியில் படித்தாரே தவிர, ஓவியப் பள்ளி எதற்கும் போனதில்லை. மல்வத்தை விகாரையின் அயலில் இருந்தார். அங்கே பிக்குமாரோடு பழகிப் பழகி மனம் பௌத்தத்தில் தோய்ந்தது. இருபத்தைந்து வயதைத் தாண்டித்தான் தூரிகையை முழு மனதோடு பிடித்தார். தொடக்கத்தில் அவர் வரைந்ததும் பிக்குமாரையும் விகாரை வாழ்க்கையையுமே. ஐரோப்பாவில் பிக்காசோ உடம்பை உடைத்துக் கட்டிய விதமும், சிகிரியா அஜந்தாச் சுவர்களின் வளைவும் பிறகு அந்தக் கையில் ஒன்றாகக் கலந்தன. 1943இல் லயனல் வென்ட் முதலானோர் கூடி அமைத்த '43 குழு' என்ற ஓவியர் அணியில் அவரும் ஒருவர்.

அவரிடம் எனக்கு விளங்காத இடமும் ஒன்று இருந்தது. ஜயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் கீற். ராதையும் கண்ணனும் நாயகிமாரும் அதற்குப் பிறகு அவருடைய கித்தானை விட்டு அகலவேயில்லை. துறவியை வரைந்த கை இப்படித் தழுவலையும் ஊடலையும் வரையலாமோ என்று ஒருநாள் குஞ்சியப்புவிடம் கேட்டேன்.

அவர் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "திருக்கோவையார் ஆர் பாடினது? மணிவாசகர் பாடினால் பக்தி, இந்தாள் கீறினால் மட்டும் காமமோ?"

அதற்குப் பிறகுதான் கீற்றின் படங்கள் எனக்குத் திறந்துகொண்டன. மாணிக்கவாசகர் சிவனைத் தலைவன் தலைவியின் காதலுக்குள் வைத்துத் தேடினார். கீற்றும் உடம்பைத் துறந்து தெய்வத்திடம் போகவில்லை. உடம்பின் வளைவுக்குள்ளேயே தெய்வத்தைத் தேடினார். ஆசான் வைத்துப் படித்திருந்தால் அளவும் இலட்சணமும் முதலில் வந்திருக்கும். அவருக்கு முதலில் வந்தது உருக்கம். அந்த உருக்கம் கேட்ட இடத்தில் கழுத்து நீண்டது, கண் பெருத்தது.

1983 ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், குஞ்சியப்புவின் பொரளை அறை எரிந்தது. குஞ்சியப்பு பார்த்துப் பார்த்துச் சேர்த்த கண்காட்சிக் கையேடுகளும் பழைய சஞ்சிகைகளும் அதோடு போயின. அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் போய் இறங்கியவர் பிறகு கொழும்புப் பக்கம் வரவேயில்லை.

1993 ஆடி மாதக் கடைசியில் கீற் காலமானார். அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். செய்தியை அப்படித்தான் கேட்டதாக, மாதங்கள் கழித்து எனக்குக் கிடைத்த கடிதத்தில் குஞ்சியப்பு எழுதியிருந்தார். "நல்ல பக்தர் ஒருவர் போய்விட்டார்" என்றும் எழுதியிருந்தார். தன் அறையை எரித்த நகரத்தைப் பற்றி ஒரு கசப்பான சொல்கூட அதில் இல்லை. குஞ்சியப்புவும் இன்று இல்லை. அடுத்தவர் கோயிலில் நின்று மனம் உருகுவதால் தன் சாமி கோபிக்கமாட்டார் என்று அந்த மனிதர் உறுதியாக நம்பினார். அவர் எனக்கு விட்டுப்போன சொத்து அந்த நம்பிக்கைதான். என் பிள்ளைகளுக்கும் அதையே கொடுக்க ஆசைப்படுகிறேன்.